ஒரே பெயர், வேறு வேறு எதிரணி: மொஹமடன் ஸ்போர்டிங் சொல்லும் பாடம்

கொழும்பின் பழைய விளையாட்டுக் கழகங்களின் பெயர்களை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சிங்கள விளையாட்டுக் கழகம், தமிழ் யூனியன், மூர்ஸ், மலே, பேர்கர். வெள்ளைக்காரன் காலத்தில் மைதானத்துக்குப் போவதென்றாலும் அவரவர் சமூகத்தின் வாசலால்தான் போக வேண்டியிருந்தது. இனப் பெயர் எதுவும் வேண்டாம் என்றிருந்தவர்கள் தங்கள் கழகத்துக்கு ‘நொண்டஸ்கிரிப்ட்ஸ்’, அதாவது எந்த வகைக்குள்ளும் அடங்காதவர்கள், என்று பெயர் வைத்தார்கள்.

“சமூகத்தின் பெயரில் கழகம் நடத்தினால் இனவாதம்தானே வளரும்?” என்று எங்கட இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெயரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் எண்ணம். அந்தக் கழகம் யாரோடு மோதியது, எந்த ஊரில் மோதியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்குக் கல்கத்தாவின் மொஹமடன் ஸ்போர்டிங் கழகத்தை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கல்கத்தா உதைபந்தாட்டத்தில் மூன்று பெரிய கழகங்கள். மோகன் பகான் 1889 இல் பிறந்தது. மொஹமடன் ஸ்போர்டிங் 1891 இல், நவாப் அமினுல் இஸ்லாமின் முயற்சியால் உருவானது. ஈஸ்ட் பெங்கால் 1920 இல் வந்தது. மோகன் பகானின் பெருமை 1911 இல் தொடங்குகிறது. அந்த வருஷம் ஜூலை 29 ஆம் திகதி, ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில் ஈஸ்ட் யோர்க்‌ஷயர் படைப்பிரிவை அவர்கள் 2 - 1 என்று வென்றார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெறுங்கால். ஆளுகின்றவனை அவனுடைய விளையாட்டிலேயே தோற்கடித்த நாள் என்று வங்காளம் அதை இன்றும் கொண்டாடுகிறது. ஈஸ்ட் பெங்கால், பெயரிலேயே சொல்வது போல, கிழக்கு வங்காளத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர்களின் கழகம். உள்ளூர்க்காரர் ‘கோட்டி’, வந்தவர்கள் ‘பாங்கால்’. மோகன் பகான் வென்றால் இறால், ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்லிஷ் மீன் என்று சாப்பாட்டிலும் போட்டி.

இந்தக் கோட்டி - பாங்கால் கணக்கில் மொஹமடன் ரசிகனுக்கு இடமில்லை. அவன் ராஜாபஜாரில், பார்க் சர்க்கஸில், கிதிர்பூரில், மெட்டியாபுரூஸில் இருந்தான். வங்காளம் பேசுபவனும் இருந்தான், உருது பேசுபவனும் இருந்தான். அவர்களை ஒரே பக்கம் நிற்க வைத்தது கறுப்பு - வெள்ளை ஜேர்சி.

ஆனால் கழகம் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1930 களின் தொடக்கத்தில் கூட அது இரண்டாம் பிரிவிலேயே கிடந்தது. 1934 இல்தான் முதற் பிரிவுக்கு வந்தது. வந்த அதே வருஷம் கல்கத்தா லீக்கை வென்றது. அதுவரைக்கும் எந்த இந்தியக் கழகமும் அந்த லீக்கை வென்றதில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் கிண்ணம் அவர்களிடமே இருந்தது. 1936 இல் லீக்கோடு ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் சேர்த்து எடுத்தார்கள். ஒரே வருஷத்தில் இரண்டையும் வென்ற முதல் இந்தியக் கழகம் அதுதான்.

இந்த வெற்றிக்கு இரண்டு காரணங்கள். முதலாவது, சப்பாத்து. கல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடப்பது. காய்ந்த தரையில் வெறுங்கால் ஆட்டக்காரன் மின்னலாக ஓடுவான். சேற்றில் சறுக்கி விழுவான். சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரப் படையணிகள் மழையை நம்பியே வென்று வந்தன. மொஹமடன் நிர்வாகம் ஈரத் தரைக்குப் பாரம் குறைந்த சப்பாத்தைத் தன் ஆட்டக்காரர்களுக்குப் பழக்கியது. இரண்டாவது, ஆள் சேர்ப்பு. பெங்களூரிலிருந்தும் வடமேற்கு எல்லைப் பக்கமிருந்தும் திறமைசாலிகளைத் தேடிக் கொண்டுவந்தார்கள். ‘முஸ்லிம் கழகம்’ என்ற பெயர் இங்கே ஒரு வலையாக வேலை செய்தது. ஒரு நகரத்துக்குள் அடங்கிக் கிடந்த மற்றக் கழகங்களை விட அதன் வீச்சு அகலமாக இருந்தது.

அந்த அணியின் முஹம்மத் சலீம் 1936 இல் ஸ்கொட்லாந்து போய், கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்துக்காகக் காலில் வெறும் பட்டித்துணி சுற்றிக்கொண்டு விளையாடியது தனிக் கதை. அவர்கள் இருக்கச் சொல்லியும் ஊர் நினைப்பில் திரும்பி வந்துவிட்டார்.

வெற்றி வந்ததும் கழகத்தின் பெயருக்கு வேறொரு கனம் ஏறியது. வேலையிலும் படிப்பிலும் பின்தங்கியிருந்த ஒரு சமூகம், நாங்களும் முன்னுக்கு நிற்கலாம் என்று கண்ணால் கண்ட இடம் அந்த மைதானம். அரசியல்வாதிகளும் இதைக் கவனித்தார்கள். பின்னால் பாகிஸ்தானின் பிரதமரான ஹாஜா நாஸிமுத்தீன் ஒரு காலத்தில் இந்தக் கழகத்தின் தலைவராக இருந்தவர். அந்த நாட்களில் கல்கத்தா மைதானத்தில் மதக் கசப்பு இருக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். இருந்தது.

ஆனால் அதை மட்டும் சொன்னால் கதை பாதி. 1939 இல் உதைபந்தாட்டச் சங்கத்தின் தீர்ப்புகளிலும் மத்தியஸ்தர்களிலும் நம்பிக்கையிழந்து மொஹமடன் லீக்கை விட்டு வெளியேறியது. தனியாகப் போகவில்லை. ஈஸ்ட் பெங்காலும் காளிகாட்டும் கூடவே வெளியேறின. அந்த வருஷம் மோகன் பகான் தன் முதல் லீக்கை வென்றது. எல்லாமே இந்து - முஸ்லிம் கணக்கென்றால், ஈஸ்ட் பெங்கால் ஏன் மொஹமடனோடு போனது? மைதானத்தில் கூட்டும் பகையும் மதக்கோட்டைத் தாண்டியும் அமைந்தன. அடுத்த வருஷம், 1940 இல், டெல்லியில் ரோயல் வோர்விக்‌ஷயர் படைப்பிரிவை 2 - 1 என்று வென்று, டூரண்ட் கிண்ணத்தை எடுத்த முதல் இந்திய அணியானது மொஹமடன். அந்த வெற்றியை முஸ்லிம்களுடைய வெற்றி என்பதா, இந்தியர்களுடைய வெற்றி என்பதா? இரண்டும்தான்.

1947 க்குப் பிறகு அப்படி இரண்டாக இருப்பது கஷ்டமாகிப் போனது. ஆட்டக்காரர்கள் சிலர் எல்லை தாண்டினார்கள். கழகத்துக்குப் பணம் கொடுத்த குடும்பங்களும் கலைந்தன. இருந்தவர்களின் விசுவாசம் சந்தேகத்துக்குள்ளானது. சிறுபான்மையாக வாழும் எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரு கிரிக்கெட் மெட்ச் நடந்தாலே “நீங்க யாருக்கு சப்போர்ட்?” என்று கேட்கிறவர்களை நாங்களும் கண்டிருக்கிறோம்.

அந்த நிலைமையிலும் கழகம் பெயரை மாற்றவில்லை. 1948 இல் லீக்கை மறுபடியும் வென்றது. 1957, 1967, 1981 என்று இடைவெளி கூடிக்கொண்டே போனாலும் வென்றது. இன்னொரு பக்கம், முஸ்லிம் ஆட்டக்காரர்கள் மற்றக் கழகங்களிலும் ஜொலித்தார்கள். 1950 ஐ ஒட்டிய வருஷங்களில் ஈஸ்ட் பெங்காலின் ஐந்து முன்னணி வீரர்களைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்று அழைத்தார்கள். அந்த ஐவரில் அஹமத் கான், சாலிஹ் என்ற இருவர் முஸ்லிம்கள். ஹைதராபாத்தின் முஹம்மத் ஹபீப் பின்னாளில் மூன்று கழகங்களுக்கும் விளையாடினார். மொஹமடனும் மற்றவர்களுக்குக் கதவைத் திறந்தது. 2023 - 24 பருவத்தில் ஐ - லீக்கை வென்று முதன்முறையாக இந்தியன் சுப்பர் லீக்குக்குப் போன அணிக்குப் பயிற்றுநர் ஒரு ரஷ்யர். அந்த அணியில் மிசோராம் பையனும் இருந்தான், ஆர்ஜென்டினாக்காரனும் இருந்தான். ரசிகர்கள் அதே பழைய பகுதிகளிலிருந்துதான் வந்தார்கள்.

இப்போது டாக்காவுக்கு வருவோம். அங்கேயும் ஒரு மொஹமடன் ஸ்போர்டிங் இருக்கிறது. 1936 இல், கல்கத்தாக் கழகத்தின் புகழ் உச்சியில் இருந்தபோது தொடங்கியது. அதே பெயர், அதே கறுப்பு - வெள்ளை. ஆனால் டாக்காவில் எதிரணி ரசிகர்களிலும் பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள்தான்! அங்கே ‘மொஹமடன்’ என்ற சொல் யாரையும் பிரித்துக் காட்டவில்லை. 1972 இல் ஷேக் முஜீபின் மகன் ஷேக் கமால் அபாஹனி கழகத்தைத் தொடங்கினார். சுதந்திர நாட்டின் புதுத் தலைமுறைக்கு அபாஹனி என்றும், பழைய டாக்காவின் பெருமைக்கு மொஹமடன் என்றும் நகரமே இரண்டாகப் பிரிந்தது. கூரைகளில் ஒரு பக்கம் கறுப்பு - வெள்ளைக் கொடி, மறு பக்கம் வான்நீலக் கொடி. ஒரே வீட்டுக்குள் அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று.

ஒரே பெயர் கல்கத்தாவில் சிறுபான்மையின் சுயமரியாதையாகவும், டாக்காவில் பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான இழுபறியாகவும் மாறியது. வித்தியாசத்தை உண்டாக்கியது ஊரும் எதிரணியும். எதிரில் நிற்பவன்தான் ஒரு கழகத்துக்கு அது யாரென்று பாதியளவாவது சொல்லிக் கொடுக்கிறான்.

போட்டி என்பது ஓர் உறவு. மோதுவதற்கு ஒரே மைதானமும் ஒரே விதியும் வேண்டும். அடுத்த வருஷமும் மோதுவோம் என்ற நிச்சயம் வேண்டும். 2024 ஓகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி.கார் வைத்தியசாலையில் ஒரு பெண் வைத்தியர் பாலியல் வன்முறைக்குள்ளாகிக் கொலை செய்யப்பட்டார். நகரம் கொதித்தது. ஓகஸ்ட் 18 இல் நடக்கவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் போட்டி ரத்தானது. அன்றைக்கு அந்த இரு கழக ரசிகர்களும் ஒன்றாக சோல்ட் லேக் அரங்கின் முன்னால் நீதி கேட்டு நின்றார்கள். மொஹமடன் ரசிகர்களும் வந்து சேர்ந்தார்கள். பொலிஸ் தடியடிக்கும் சேர்ந்தே முகங்கொடுத்தார்கள். நூறு வருஷம் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்துமிருந்தார்கள்.

ஆகவே எங்கட ஊர்க் கழகங்களின் பெயர்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயர் இருக்கட்டும். அது எங்கட மூத்தவர்கள் பட்ட பாட்டின் பதிவு. ஆனால் பக்கத்து ஊர் சிங்களக் கழகத்தோடும் தமிழ்க் கழகத்தோடும் வருஷா வருஷம் மெட்ச் நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கிறதென்றால் அந்தப் பெயரால் பயமில்லை. எங்களுக்குள்ளேயே கிண்ணம் வைத்து, எங்களுக்குள்ளேயே வென்று, எங்களுக்கே கைதட்டத் தொடங்கினால்தான் யோசிக்க வேண்டும்.