பதினாறு பேர் ஏறும் படகு

சீரியல் போர்ட் என்பது தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் வாயில். மடிக்கணினிகளில் இப்போது அதைக் காண்பது அரிது. ஆனால் மின்மானி, இன்வெர்ட்டர், மின்கலக் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவற்றில் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கென இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது போன்ற காற்று, சூரியஒளி, மின்கலம், டீசல் கலந்த மின்திட்டங்களில், கருவிகளின் பொதுமொழிகளுள் ஒன்று மோட்பஸ். மோடிகான் நிறுவனம் 1979இல் உருவாக்கிய அது, ஆர்எஸ்-485 சீரியல் கம்பியில் பரவலாக ஓடுகிறது.

அந்தக் கம்பியின் வேகத்தை இயங்குதளம் கூட்ட முடியாது. பைட்டுகளுக்காகப் புரொசசரை எத்தனை தடவை கூப்பிடுவது என்பது மட்டுமே அதன் டிரைவர் மென்பொருளின் கையில் உள்ளது. செக்கனுக்கு 115200 பிட் வேகத்தில், தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து, 87 மைக்ரோசெக்கனுக்கு ஒரு பைட் வந்து சேரும். பழைய 8250 சீரியல் சிப்பில் ஒரு பைட்டுக்கே இடம். அதனால் செக்கனுக்கு 11520 தடவை புரொசசர் தன் வேலையை நிறுத்த வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஓராள் ஏறியதுமே நயினாதீவுக்குப் படகை எடுப்பது போன்றது இது.

16550ஏ சிப்பில் 16 பைட் இடம் உண்டு. பதினான்கு சேர்ந்ததும் கூப்பிடச் சொன்னால் அழைப்புகள் 823 ஆகக் குறையும். ஆனால் மீதி இரண்டு இடங்களும் 174 மைக்ரோசெக்கனில் நிரம்பிவிடும். புரொசசர் சற்றே தாமதித்தாலும் பைட்டுகள் தொலையும். எட்டில் கூப்பிட்டால் அழைப்புகள் 1440. அவகாசமோ 694 மைக்ரோசெக்கன். வேறு வேலைகள் நெருக்கும் கணினிக்கு இதுவே பாதுகாப்பு. படகு நிரம்பாமல் வரத்து நின்றுபோனால், நான்கு பைட் வரும் நேரம் பொறுத்துவிட்டுச் சிப் தானே அழைக்கும். அழைப்பு வந்ததும் டிரைவர் எல்லாப் பைட்டுகளையும் ஒரேயடியாக அள்ளி நினைவகத்தில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பொருள் பிரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சீரியல் போர்ட் இல்லாத கணினியில் அந்தக் கம்பியை இணைக்கும் யூஎஸ்பி மாற்றிகளில் சிக்கல் தலைகீழ். எஃப்டிடிஐ சிப்புகள், பொதி நிரம்பாவிட்டால், வழக்கமாக 16 மில்லிசெக்கன்வரை காத்திருக்கும். மோட்பஸில் செய்தி முடிந்ததென்பதைக் காட்டுவதோ மூன்றரை பைட் நேர மௌனம். 9600 பிட் வேகத்தில் அது 4 மில்லிசெக்கன்தான். முப்பது மின்மானிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்கையில், ஒரு சுற்றில் அரைச் செக்கன்வரை இந்தக் காத்திருப்பிலேயே போய்விடும். லினக்ஸில் அந்த 16 மில்லிசெக்கனை 1 ஆக மாற்றினால் மொத்தக் காத்திருப்பு 30 மில்லிசெக்கனுக்குள் அடங்கும்.