பாய்மத்தைப் பிடிக்கும் கணக்கு வலை

மீனின் அளவறிந்தே மீனவர் வலைக்கண்ணின் அளவை அமைக்கின்றனர். கண் பெரிதாயின் சிறு மீன்கள் தப்பிவிடும். ஓடும் நீரையும் வீசும் காற்றையும் கணிப்பொறியால் ஆராய்வோரும் ஒரு வலையையே விரிக்கின்றனர். அவ்வலையின் இயல்பை இக்கட்டுரையில் காண்போம்.

நீர், காற்று முதலிய பாய்மங்களின் இயக்கத்தைக் கூறும் சமன்பாடுகளை நாவியர், ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் இருவர் 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்தளித்தனர். ஆயினும் விமான இறக்கை போன்றவற்றைச் சுற்றியோடும் காற்றுக்கு அவற்றை நேரடியாகத் தீர்க்க இயல்வதில்லை. ஆகவே, பாய்மம் நிறைந்த வெளியைச் சிறு சிறு கண்களாகப் பகுத்து, ஒவ்வொரு கண்ணிலும் அழுத்தம், திசைவேகம் ஆகியவற்றிற்கு எண்களைக் குறித்து, அண்டைக் கண்களோடு வரவு செலவு பார்த்துப் படிப்படியாகக் கணக்கிடுகின்றனர். இத்தகைய படிமுறைக் கணக்கை 'அல்காரிதம்' என்பர். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் விளங்கிய கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே இச்சொல் பிறந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் தகும்.

வலை எங்கும் ஒரே நெருக்கமாக இருத்தல் வேண்டுமோ? வேண்டுவதில்லை. பாய்மம் சுவரைத் தொடுமிடத்தில் அதன் வேகம் சுழியாகும்; சற்றே விலகியதும் முழு வேகம் பெறும். இம்மாற்றம் நிகழும் மெல்லிய எல்லைப் படலத்தை 1904இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்ட்டில் விளக்கினார். இறக்கையின் உராய்வைக் கணிக்க இப்படலத்தைத் தவறவிடலாகாது. ஆதலின் சுவரை ஒட்டித் தட்டையான கண்களை அடுக்கி, விலக விலக ஒவ்வோர் அடுக்கையும் முந்தியதைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு தடிப்பாக்குவர். மாற்றம் குறைந்த தொலைவெளிக்குப் பெரிய கண்களே போதும். எங்கும் நெருக்கினாலோ செலவு மிகும். கண்ணின் பக்கத்தைப் பாதியாக்கினால் முப்பரிமாண வெளியில் கண்கள் 8 மடங்காகும். காலப்படியையும் பாதியாக்க நேரின் உழைப்பு 16 மடங்காகும்.

கண்ணின் வடிவமும் கருதத்தக்கது. படலத்திற்கு அப்பால் முக்கோணங்களால் வலை பின்னும்போது, ஊசிபோல் ஒடுங்கியவை பிழையைப் பெருக்கும். 1934இல் ரஷ்ய அறிஞர் பொரிஸ் டெலோனே காட்டிய முறைப்படி, எந்த முக்கோணத்தின் சுற்றுவட்டத்துள்ளும் வேறு புள்ளி அமையாதவாறு புள்ளிகளை இணைப்பின், தளத்தில் மிகச்சிறிய கோணம் இயன்றவரை பெரிதாகும்.

வலை பிழைபட்டாலும் கணிப்பொறி விடை தந்துவிடலாம். அதன் வண்ணப்படமும் அழகாகவே தோன்றும். ஆபத்து அங்கேதான் உள்ளது. அதனை நம்பிப் பாலமோ செயற்கை இதய வால்வோ அமைப்பின், துன்புறுவோர் மக்களே.

இதற்குக் காப்பு யாது? ஒரே கணக்கைப் பருவலையிலும் நடுத்தர வலையிலும் நுண்வலையிலும் செய்து விடைகளை ஒப்பிடுதலே. கட்டங்களின் அளவை மாற்றிப் பிழையை மதிப்பிடும் இவ்வழியை, கற்கட்டு அணையொன்றின் தகைவுகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1911இல் வெளியான கட்டுரையில் காட்டினார். வலையை நெருக்க நெருக்க விடை நிலைபெறுமாயின், வலையால் நேரும் பிழை சிறிதென்று கொள்ளலாம். அதன் பின்னரும் சோதனைச்சாலை அளவீடுகளோடு ஒத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். கணிப்பொறி தந்தது என்பதனாலேயே ஒரு விடை மெய்யாகிவிடாது என்பதை மாணவச் செல்வங்கள் மனங்கொள்வார்களாக.