வழுக்கையாற்று நீரும் பரவைக்கடல் மீனும்

அளவெட்டிக் கமக்காரரின் வயலில் நின்று பார்த்தாற் கடல் தெரியாது. வடக்கே கீரிமலைக் கரையும், தென்மேற்கே அராலிப் பரவைக்கடலும் சில மைல் தூரத்தில் உள்ளன. எனினும், மாரியில் அவ்வயலுக்கு இடப்படும் பசளையிலும் தெளிக்கப்படும் மருந்திலும் ஒரு பகுதி, கமக்காரர் அறியாமலே கடலைச் சென்று சேர்கின்றது. மீன்வளத்தைப் பேணுதல் மீனவர்க்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் மட்டுமே உரிய கருமம் என எண்ணுதல் தவறு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடுவது வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பகுதியிற் பெய்யும் மழைநீர் குளத்துக்குக் குளம் நிரம்பி வழிந்து, அளவெட்டி, கந்தரோடை, சங்குவேலி முதலிய ஊர்களின் தாழ்ந்த வயல்களூடாக ஏறத்தாழ 16 கிலோமீற்றர் சென்று, அராலியில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியை அடைகின்றது. கோடையில் அவ்வழியே செல்லும் அயலூரார்க்கு அதனை ஆறு என்று சொன்னால் நம்பமாட்டார். ஆயினும் கார்த்திகை வெள்ளத்தில் அது வரம்புகளை மேவிப் பாய்வதை வயலுடையார் அனைவரும் அறிவர். காலபோக நெல்லுக்கு யூரியா இடும் காலமும் இந்த ஆறு ஓடும் காலமும் ஒன்றே என்பதுதான் இங்கு கவனிக்கத்தக்கது.

இந்நீர் சென்று சேரும் கடல்நீரேரி 400 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையது. ஆழமோ சராசரியாக 2 மீற்றர் அளவே. வெயில் அடிமட்டம் வரை செல்வதால் அங்கே கடற்புல் வளர்கின்றது. அப்புல்லிடையே நண்டும், ஓராவும், பல்வகை மீன்குஞ்சுகளும் உணவும் மறைவிடமும் பெறுகின்றன. இறாலின் வரலாறு இன்னும் வியப்பானது. தாய் இறால் ஆழ்கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்துடன் பரவைக்கடலுக்குள் வந்து சில மாதங்கள் வளர்ந்து, பின்னர் கடலுக்குத் திரும்பும். எனவே பரவைக்கடலை மீனுக்கும் இறாலுக்கும் நாற்றுமேடை என்று சொல்லலாம். நாற்றுமேடை கெட்டால் விளைவு என்னாகும் என்பதைக் கமக்காரர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளத்திற் கரைந்து செல்லும் நைதரசன், பயிரை வளர்ப்பது போலவே நீர்ப்பாசியையும் வளர்க்கும். பாசி அளவுக்கு மிஞ்சிப் படர்ந்தாற் கடற்புல்லுக்கு வெயில் கிடையாது, புல் அழியும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன் மூச்சுத் திணறும். பூச்சி மருந்துகளின் கேடு இதனினும் விரைவானது. எண்டோசல்பான் மீனுக்குக் கொடிய நஞ்சாகும். அதனை இலங்கை 1998ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. ஆயினும் சைபர்மெத்திரின் போன்ற மருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனையும், அதனினும் எளிதாக இறாலையும் கொல்ல வல்லன. இறாலும் பூச்சியும் ஓரினத்து உறவின ஆதலின், பூச்சிக்கு ஆகாதது இறாலுக்கும் ஆகாது. இவ்வகை மருந்துகள் மண் துகளிற் பற்றிக்கொள்ளும் இயல்புடையன. எனவே வயல் மண்ணை வெள்ளம் கொண்டுபோகாமற் காத்தால் மருந்தும் பெரும்பாலும் வயலிலேயே தங்கிவிடும்.

வெள்ளம் இல்லாத காலத்திலும் நிலத்தடியில் ஒரு வழி உண்டு. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாக நீர் கீழிறங்கிக் கிணற்றுக்கும், ஈற்றிற் கடலுக்கும் செல்கின்றது. கீரிமலைக் கேணியில் கடலோரத்தே நன்னீர் ஊறுவது இவ்வாறே. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்குச் செம்பாட்டுத் தோட்டங்களில் வேண்டியதற்கு மேலாக இடும் நைதரசப் பசளை, நைத்திரேற்றாக மாறி இவ்வழியே இறங்குகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டின் பயிர்ச்செய்கைப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்துள்ளமை ஆய்வுகளாற் பலமுறை தெரியவந்துள்ளது. கைக்குழந்தைகளுக்கு இந்நீர் தீங்கு விளைக்கும். ஆகவே பசளையை அளந்து இடுவோர் பரவைக்கடலுக்கு முன்னதாகத் தம் வீட்டுக் கிணற்றையே காத்துக்கொள்கின்றனர்.

மீனவர் பக்கத்திலும் கட்டுப்பாடு வேண்டும். அதன் நியாயம் பங்குக் கிணற்றில் முறைநாள் வைத்து இறைத்தவர்க்கு எளிதில் விளங்கும். பங்காளருள் ஒருவர் பெரிய இயந்திரத்தைப் பூட்டி முறையின்றி இறைத்தால், மற்றையோர் பயிர் வாடுவதுடன் கிணறும் உவர்ப்படையும். கடலில் அடிமட்ட இழுவைவலை செய்வதும் அதுவே. அது கடற்றரையை வாரிக்கொண்டு சென்று, விலைபோகும் மீனுடன் குஞ்சையும் புல்லையும் ஒருங்கே அழிக்கின்றது. 2017ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் இம்முறையைச் சட்டத்தாற் தடைசெய்தது. எனினும் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகளால் வடபகுதிச் சிறு மீனவர் படும் இழப்பு ஓய்ந்தபாடில்லை. யுத்தக் காலத்தில் நெடுநாள் கடலுக்குச் செல்லத் தடையுற்றிருந்த அம்மக்களுக்கு இது மேலுமொரு சுமை. முறை வைத்து வாழ்ந்த மீனவரும் உளர். தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் ‘பாடு’ என்னும் வழக்கப்படி முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். நம் நீர்முறைக்கும் அதற்கும் பெயரே வேறு.

கமத்துக்கும் மீன்பிடிக்கும் நேரான முரண்பாடு எழும் இடமும் ஒன்றுண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நன்றன்று. உவர்நீர் உட்புகாமற் காக்கவும் மழைநீரைத் தேக்கவும் அராலியிலும் தொண்டைமானாற்றிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டுள்ளன. கதவுகள் மூடியிருந்தால் அயற் கிணறுகள் நன்னீராகும், வயலும் உவர்ப்படையாது. ஆனால் மூடிய கதவினூடே இறாற்குஞ்சு உள்ளே வர இயலாது. எக்காலத்தில் எத்தனை நாள் திறப்பது என்பதை அலுவலர் மட்டும் தீர்மானித்தால் ஒரு பக்கத்தார்க்கு மனக்குறை நிச்சயம். கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் மாரிக்கு முன்னர் ஒரே இடத்தில் அமர்ந்து பேசி, நாளைக் குறித்துக்கொள்வதே பொருத்தமானது.

வயலிற் செய்யத்தக்கவை பெருஞ்செலவுடையன அல்ல. யூரியாவை ஒரே தடவையிற் கொட்டாது, பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பிரித்து இடுதல் வேண்டும். மழை இருண்டு வரும்போதும், வரம்பு வழிந்து நீர் ஓடும்போதும் பசளை இடுதல் பணத்தை ஆற்றில் இடுதலே. இடுவதற்கு முன் வரம்பை உயர்த்தி, நீர் வெளியேறும் வாயை அடைத்து, இயன்றவரை சில நாட்களாவது நீரை வயலில் நிறுத்துக. மருந்து தெளித்த பின்னரும் இவ்வாறே செய்க. பூச்சியைக் கண்ணாற் காணாமல், அயலார் தெளித்தார் என்பதற்காகத் தெளித்தல் வேண்டாம். தெளிகருவியையும் வெறும் மருந்துப் போத்தலையும் கிணற்றடியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுதல் பெருந்தவறு. மருந்து கலக்கும்போதே போத்தலை மும்முறை அலசி, அந்நீரையும் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயிருக்குத் தெளித்துவிடலாம்.

பூவரசங் குழை தாழ்த்துதல், ஆட்டுப் பட்டி அடைத்தல் ஆகிய பழைய வழக்கங்கள் மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கூட்டி, இரசாயனப் பசளையின் தேவையைக் குறைப்பன. எனினும் 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது விளைச்சல் எவ்வாறு வீழ்ந்தது என்பதைக் கமக்காரர் மறந்திலர். ஆதலின் இம்மாற்றம் ஒரே போகத்தில் நிகழ வேண்டுவதன்று. முதலில் இரண்டொரு பரப்பிற் செய்து பார்த்து, விளைவைக் கண்டபின் விரிவாக்குதல் தகும்.

கரையில் ஒதுங்கும் சாதாளையும் நல்ல பசளையே. தோட்டத்திற்கு அதனை எடுப்போர், அலை ஒதுக்கியதை மட்டும் அள்ளுக. நீரில் வளர்ந்து நிற்கும் புல்லைப் பிடுங்கலாகாது. கொண்டுவந்ததை ஒரு மாரி முழுவதும் திறந்த வெளியிற் குவித்து வைத்து, உப்பு மழையிற் கழுவப்பட்ட பின்னரே மண்ணிற் சேர்த்தல் வேண்டும்.