நாய் விற்ற காசு யாருக்குக் குரைக்கும்?

‘நாய் விற்ற காசு குரைக்காது’ என்று ஒரு பழமொழி உண்டே... அதைச் சொன்னவர் யாரென்று தெரியாது. ஆனால், அவர் நாயை விற்றவர் என்பது மட்டும் நிச்சயம்! விற்றவருக்குத்தான் சார் அது குரைக்காது. வாங்கினவருக்குப் பன்னிரண்டு வருஷம் விடாமல் குரைக்கும். அதுவும் ஒண்ணாம் தேதி, சம்பளம் வந்த மறு நிமிஷமே குரைக்கும்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. நண்பர்கள் பைக் வாங்கினாலும், சீட்டுப் போட்டாலும், கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாலும், ‘கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லேன்’ என்று வந்துவிடுவார்கள். போன மாசம் ஒருத்தர் நாய்க்குக் கணக்குக் கேட்டு வந்தார். தனியார் கம்பெனி வேலை. புதுசாகக் கல்யாணம். புறநகரில் இரண்டாவது மாடி வாடகை ஃப்ளாட். கணவன், மனைவி ரெண்டு பேருமே காலையில் போனால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வீடு.

“மாப்ளே, ஒரு ஹஸ்கி குட்டி பார்த்துட்டேன். நீலக் கண்ணுடா! நாற்பதாயிரம் சொல்றான். கார்டுல தேய்ச்சு ஆறு மாசத் தவணையா மாத்திக்கலாம். எப்படி?”

“நாற்பதாயிரம் குட்டியோட விலை. நாயோட விலை என்ன?”

“ரெண்டும் ஒண்ணுதானேடா?”

இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதெல்லாம் இதற்குத்தான். பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தோம்.

ஆளாளுக்குப் போட்ட கணக்கு

முதலில் சாப்பாடு. வளர்ந்த ஹஸ்கி சுமார் 25 கிலோ இருக்கும். ஒரு நாளைக்கு 300 கிராம் உலர் தீனி என்று வையுங்கள். மாசம் 9 கிலோ. சுமாரான ரகமே கிலோ 500 ரூபாய் என்று போட்டால், 4,500 ரூபாய். (“சாம்பார் சாதம் போட்டா சாப்பிடாதா?” என்றார் நண்பர். சாம்பாரில் மிதக்கும் வெங்காயம் நாய்க்கு விஷம். பூண்டும் அப்படித்தான்.)

அடுத்து வைத்தியம். வருஷா வருஷம் வெறிநாய்க்கடி தடுப்பூசி, மற்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, மூணு மாசத்துக்கு ஒருதரம் குடல்புழு மாத்திரை, மாசா மாசம் உண்ணி மருந்து. நம்ம ஊர் வெயிலிலும் ஈரத்திலும் உண்ணிக்குக் கொண்டாட்டம். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் பிழைப்பதே பெரும்பாடு. சராசரியாக மாசம் 1,000.

அப்புறம் குளியல், முடி சீவுதல். ஹஸ்கிக்கு இரட்டைக் கம்பளி. வருஷத்தில் ஒன்றிரண்டு முறை உள்கம்பளியை மொத்தமாக உதிர்க்கும். அந்த நாட்களில் இட்லி மாவிலிருந்து ஆபீஸ் ஃபைல் வரை அதன் முடி இருக்கும். மாசம் 1,500.

ஏ.சி.! மணிக்கு ஒரு யூனிட் என்றாலும், பகலில் 10 மணி நேரம் ஓடினால் மாசம் 300 யூனிட், ரெண்டு மாசத்தில் 600. வீட்டு மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று குடும்பஸ்தர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மேலே ஏறின யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே கிடந்த யூனிட்டுக்கும் ரேட் மாறும். வருஷம் முழுக்க ஓடாது என்று கருணை காட்டி, மாசம் 1,500.

செருப்பு, ரிமோட், சோபா முனை, வீட்டு ஓனரின் கதவு... சில்லறைச் செலவு 500.

ஆக மொத்தம் மாசம் 9,000. வருஷத்துக்கு 1,08,000. பன்னிரண்டு வருஷத்துக்கு 12,96,000. ஆரம்பத்தில் வாங்கும் கூண்டு, பட்டை, படுக்கை, முதல் தடுப்பூசிகள் என்று 10,000-மும் குட்டியின் விலை 40,000-மும் சேர்த்தால் 13,46,000.

அதாவது, நண்பர் பேரம் பேசிக்கொண்டிருந்த அந்த நாற்பதாயிரம், மொத்தச் செலவில் நூற்றுக்கு மூணு ரூபாய்தான்! விலைவாசி ஏறுவதைச் சேர்க்கவில்லை. ஆபரேஷனைச் சேர்க்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நாயை விட்டுப்போகும் ஹாஸ்டல் வாடகையைச் சேர்க்கவில்லை. இதற்கெல்லாம் வருமான வரியில் ஒரு பைசா கழிவும் கிடையாது.

நண்பர் தண்ணீர் கேட்டார்.

சைபீரியா எங்கே, புறநகர் எங்கே?

பணத்தை விடுங்கள். பணக்காரர் வாங்கினாலும் தீராத ஒரு கணக்கு இருக்கிறது. அதை நாய்தான் கட்டுகிறது.

ஹஸ்கி, வடகிழக்கு சைபீரியாவில் சுக்சி இன மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய். 1925-ல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, நாய் வண்டிகள் மாறி மாறி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பனியில் ஓடி மருந்து கொண்டுபோய்ச் சேர்த்தன. அதில் ஓடியவை இந்தப் பரம்பரைதான். அதைக் கொண்டுவந்து பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் பூட்டிவிட்டு ஆபீஸ் போனால், அது சோபாவைக் கடிக்காமல் சுலோகமா சொல்லும்?

நமக்கு வேர்த்தால் உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். ‘மொட்டை அடிச்சுட்டா சரியாப் போச்சு’ என்பார்கள். ஆகாது. வெயில் தோலில் நேராகப் படாமல் காப்பதும் அந்த முடிதான்.

இந்த மூச்சு விஷயத்தில் இன்னும் பாவம் பக். 2003-ல் ‘ஹட்ச்’ செல்போன் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஓடிச்சே, அதே குட்டை மூக்கு நாய்தான். அதைப் பார்த்துவிட்டு நாடு முழுக்க ஆளாளுக்கு பக் தேடினார்கள். விளம்பரத்தில் சொல்லாத சேதி: அதன் மூக்குத் துவாரம் குறுகல், உள்ளண்ணம் நீளம். மூச்சு வாங்கித்தான் உயிர் வாழணும், ஆனால் மூச்சு வாங்கவே கஷ்டம். அது தூங்கும்போது விடும் குறட்டையை ‘சோ ஸ்வீட்’ என்கிறோம். அது குறட்டை இல்லை சார், திணறல்!

இங்கிலீஷ் புல்டாக் கதையும் இதேதான். தலை பெரிசு, இடுப்பு சிறிசு. பெரும்பாலும் சிசேரியன்தான். லாப்ரடாரில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்தது தெரியாத மாதிரி மரபணுவிலேயே ஒரு கோளாறு என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ‘பாவம், பசிக்குது போல’ என்று நீங்கள் வைக்கும் ஒவ்வொரு பிஸ்கட்டும் அதன் இடுப்பு மூட்டில் போய் உட்காரும்.

“குட்டி போட்டா வித்துடலாமே!”

இத்தனையும் கேட்டபிறகு நண்பர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “இது செலவு இல்லடா, முதலீடு! குட்டி போட்டா ஒண்ணு நாற்பதாயிரம். ஆறு குட்டின்னா பாரு!”

இப்படிக் கணக்குப் போட்டவர்கள் சீனாவில் இருந்தார்கள். அங்கே பணம் புரண்ட காலத்தில் திபெத்திய மாஸ்டிஃப் என்ற காவல் நாய்க்கு மவுசு வந்தது. 2011-ல் சிவப்பு நிற மாஸ்டிஃப் ஒன்று ஒரு கோடி யுவானுக்கு விலைபோனதாகச் செய்தி. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 7 கோடி ரூபாய்! ஊரெல்லாம் பண்ணை வைத்தார்கள். எல்லாரும் குட்டி போட வைத்தால் என்ன ஆகும்? தக்காளிக்கு என்ன ஆகுமோ அதேதான். 2015-க்குள் சந்தை படுத்துவிட்டது. இறைச்சிக்கு லாரியில் ஏற்றிப்போன நாய்களுக்கு நடுவே மாஸ்டிஃப்களும் இருந்தன. மதிப்பு தலைக்கு சுமார் 5 டாலர் என்று அந்த வருஷம் ஓர் அமெரிக்கப் பத்திரிகை எழுதியது. விற்க முடியாதவர்கள் அவிழ்த்துவிட்ட நாய்கள் திபெத்தியப் பீடபூமியில் கூட்டமாகத் திரிந்து ஆடு மாடுகளைக் கடித்தன.

தக்காளி என்றால் ரோட்டில் கொட்டிவிட்டுப் போகலாம். இது உயிர்!

தவிர, 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. ‘முப்பது நாள் குட்டி சார், இப்பவே எடுத்துட்டுப் போனாத்தான் ஒட்டிக்கும்’ என்று யாராவது சொன்னால், அப்படியே திரும்பி நடங்கள். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டியைத்தான் பார்வோ வைரஸ் முதலில் தேடி வரும். ரத்தபேதி கண்டு சில நாளில் குட்டியே போய்விடும். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். ‘கென்னல் கிளப் பேப்பர் இருக்கு’ என்பார்கள். அந்தப் பேப்பர் பரம்பரைக்குச் சாட்சி. ஆரோக்கியத்துக்கு இல்லை.

அப்போ நாயே வேண்டாமா?

யார் சொன்னது? நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை. 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆனால் அவையும் ஓடிப் பழகின வேட்டை நாய்கள், காவல் நாய்கள். தோட்டம் துரவு இருப்பவர்களுக்குச் சரி. இரண்டாவது மாடிக்கு அவையும் சரிப்படாது.

ஃப்ளாட்காரர்களுக்கு என் சிபாரிசு, தெருக்குட்டி. சென்னையில் ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடம் கேட்டால் தத்துக் கொடுக்கிறார்கள். தடுப்பூசியும் உண்ணி மருந்தும் இதற்கும் உண்டுதான்; நடக்க அழைத்துப் போகணும்தான். ஆனால் ஏ.சி. கேட்காது, சலூன் கேட்காது. அவசரம் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எந்த நாயானாலும் மாநகராட்சி உரிமம் மறக்காதீர்கள்.

இல்லை, ஹஸ்கிதான் வேணும் என்கிறீர்களா? சரி, மூணு மாசம் நாயில்லாமல் நாய் வளர்த்துப் பாருங்கள். ஒண்ணாம் தேதி 9,000 ரூபாயை எடுத்து ஆர்.டி.யில் போடுங்கள். தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து முக்கால் மணி நேரம் நடங்கள், மழை பெய்தாலும். சாயங்காலம் இன்னொரு தடவை. ஞாயிற்றுக்கிழமை செகண்ட் ஷோ கிடையாது. ஊருக்குப் போனால் ரெண்டு நாளில் திரும்பிவிட வேண்டும். வீட்டு ஓனரிடம் எழுத்து மூலமாகச் சம்மதம் வாங்கி வையுங்கள்.

மூணு மாசமும் தாண்டிவிட்டால், நீங்கள் நாய் வளர்க்கத் தகுதியான ஆசாமி. தாண்டாவிட்டாலும் நஷ்டமில்லை. ஆர்.டி.யில் 27,000 ரூபாயாவது இருக்கும். மூணாவது மாடியில் மூச்சு வாங்கியபடி உங்களுக்காகக் காத்திருக்கும் ஓர் ஜீவனும் இருக்காது.