வாய்க்குள் ஒரு பங்காளிச் சண்டை

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக நுண்ணுயிரியல் அறிஞர் ஜான் டாக், சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலால் அவதிப்பட்டவர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற பாக்டீரியா தொண்டையைப் புண்ணாக்கிய பிறகு, அதை எதிர்க்கக் கிளம்பும் உடலின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி இதய வால்வைக் கெடுக்கும் நோய் அது. வளர்ந்த பிறகு அவர் துருவிய கேள்வி எளிமையானது: சில பிள்ளைகளுக்கு மட்டும் தொண்டைப் புண் வருவதே இல்லையே, ஏன்?

அப்படியொரு பிள்ளையின் வாயில் கிடைத்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாலிவேரியஸ் கே12. பெயரைப் பார்த்தாலே தெரியும், நோய்க்கிருமிக்கு நெருங்கிய உறவு. ஆனால் அந்த உறவுக்காரனையே கொல்லும் புரதங்களை இது சுரக்கிறது. இன்று இது சப்பிச் சாப்பிடும் புரோபயாடிக் மாத்திரையாக விற்கப்படுகிறது.

போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாடிக் என்று 2001-இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு வரையறுத்தது. ‘உயிருள்ள’, ‘போதிய அளவு’ இரண்டும் முக்கியம். அரைத்த இட்லி மாவைப் புளிக்க வைப்பவையும் உயிருள்ள நுண்ணுயிரிகள்தான். ஆனால் இட்லிப் பானையின் ஆவியில் அவை செத்துவிடும். வீட்டுத் தயிரில் உயிரோடு இருக்கும். எந்த வகை, எத்தனை என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. அதனால் தயிர் நல்ல உணவுதான், மருந்தில்லை.

பல்லுக்கு வருவோம். சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்தான் சொத்தைக்கு முக்கியக் காரணம். வாயின் பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். ஹெல்சிங்கியின் பகல்நேரக் காப்பகங்களில் 594 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2001-இல் வெளியானது. லாக்டோபேசில்லஸ் ஜிஜி சேர்த்த பாலை 7 மாதம் குடித்தவர்களிடம், குறிப்பாக 3, 4 வயதினரிடம், சொத்தை குறைவாக இருந்தது. ஈறு வீக்கத்துக்கு லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி ஓரளவு கைகொடுக்கிறது, அதுவும் பல் மருத்துவர் காறையைச் சுத்தம் செய்த பிறகு. பல் துலக்காமல் மாத்திரையை மட்டும் நம்பினால் பலன் இல்லை. நிறுத்திய சில வாரங்களில் இந்த விருந்தாளிகள் பெரும்பாலும் வாயைவிட்டுப் போய்விடும்.

சர்க்கரை கலந்த புரோபயாடிக் பானத்தைப் பல்லுக்கென்று வாங்குவது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

வயிற்றைப் பொறுத்தவரை, ஆன்டிபயாடிக் மருந்தால் வரும் வயிற்றுப்போக்கைப் புரோபயாடிக் குறைக்கும் என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. மற்ற பல வாக்குறுதிகளுக்கு அந்த அளவு பலம் இல்லை. வாங்கும்போது டப்பாவில் பாக்டீரியாவின் முழுப்பெயர், கே12 போன்ற உள்வகைக் குறியீடு, எண்ணிக்கை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் உள்வகை செய்வதை இன்னொன்றும் செய்யும் என்ற உறுதி இல்லை.

குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக்குகளைத் தருவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது. அவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.