சோக்கு உண்ணும் மின்சாரம்

நான்கடிக் குழல் விளக்கின் ஓரத்தில் 40 வாட் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது செலவழிக்கும் மின்சாரமும் அவ்வளவே என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். பழைய செம்புக்கம்பிச் சோக்கு பொருத்திய விளக்கை ஒருநாள் அளந்து பார்த்தேன். கருவி காட்டியது 54 வாட். அந்த 14 வாட் எங்கே போயிற்று?

குழலினுள் மின்சாரம் பாதரச ஆவியின் வழியே பாய்கிறது. அதனால் எழும் புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடியின் உட்பூச்சு வாங்கிக்கொண்டு, நாம் காணும் ஒளியாகத் தருகிறது. இவ்வாவிக்கு ஒரு விபரீத குணம் உண்டு. மின்னோட்டம் மிக மிக, அதன் தடை குறைந்துகொண்டே போகும். தடுப்பாரின்றி விட்டால் குழல் நொடியில் பாழாகிவிடும். இதற்குக் கடிவாளமிடுவதே சோக்கு. வெறும் தடைக்கம்பி போதாதோ எனின், குழலுக்கு வேண்டுவது ஏறக்குறைய 100 வோல்ட், நமக்குக் கிடைப்பது 230. எஞ்சிய அழுத்தமெல்லாம் அக்கம்பியில் வெப்பமாகி, குழலின் செலவையும் விஞ்சிவிடும். இரும்பின்மேல் சுற்றிய கம்பிச்சுருளோ பெருநட்டமின்றி மின்னோட்டத்தை அடக்குகிறது. ஆயினும் அதுவும் சூடேறாமல் இல்லை. தொட்டுப் பார்த்தவர் அறிவர்; அச்சூடே அந்த 14 வாட். 60 விளக்குகள் நாள்தோறும் 5 மணி நேரம் எரியும் விடுதியொன்றில், சோக்குகளைச் சூடாக்க மட்டும் 4.2 யூனிட் செலவாகும்!

மின்னணுச் சோக்கில் இந்நட்டம் குறைவு. அது மின்னோட்டத்தை நொடிக்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் அலையச் செய்வதால், குழலும் அதே மின்சாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு மிகுதியாக ஒளிர்கிறது.

ஆனால் இங்கே ஓர் ஏமாற்றமும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்ற வணிகர் சொல்லை நம்பி நானும் ஒன்று வாங்கினேன். செலவு 36 வாட்டாகக் குறைந்தது மெய். அறையும் உடன் மங்கியது. படியரிசியில் கால்படியைக் குறைத்துவிட்டு, விலை மலிந்தது என்பார் உண்டு அல்லவா? அதுபோலத்தான் இதுவும். குழலுக்கு மின்னோட்டத்தைக் குறைத்துக் கொடுத்தால் செலவும் ஒளியும் சேர்ந்தே குறையும். ஆகவே வாட்டை மட்டும் கேட்பது போதாது. ஒளியின் அளவாகிய லூமனை மொத்த வாட்டால் வகுக்க வேண்டும். முன்னைய விளக்கு 2,400 லூமன் தந்ததாகக் கொள்வோம், வாட்டுக்கு 44. மங்கிய விளக்கு அதில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 1,680 லூமன் தந்தால், வாட்டுக்கு 47. ஆதாயம் இவ்வளவே! அதே 2,400 லூமனை 40 வாட்டில் தரும் நல்ல சோக்காயின், 60 கிடைக்கும்.

இன்று குழல்களின் இடத்தை எல்.இ.டி. விளக்குகள் பிடித்துவருகின்றன. அவற்றை வாங்கும்போதும் இக்கணக்கையே போட்டுப் பார்க்கலாம். அந்தச் சோக்கை நான் மாடிப்படி விளக்கிற்கு மாற்றிவிட்டேன். அங்கே நூல் படிப்பார் எவருமிலர்.