முதியோர் குடியிருப்பில் சேருமுன்

இடுப்பெலும்பு முறிவுக்கோ பக்கவாதத்திற்கோ சிகிச்சை முடிந்து பெற்றோரை அழைத்துச் செல்லும் நாளில், "இனி யார் பார்த்துக்கொள்வது?" என்று வானூர், மரக்காணம் பகுதிக் குடும்பத்தார் எங்களிடம் கேட்பதுண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர், கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் பெருகியுள்ள முதியோர் குடியிருப்புகளை நாடுகின்றனர்.

சேரும்போது செலுத்தும் முன்பணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மாதக் கட்டணம் காலப்போக்கில் உயரும். இன்றைய 20,000 ரூபாய், ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்ந்தால், 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 43,000 ரூபாயாகிவிடும். தாமே நடமாடும்வரை உணவும் துப்புரவும் அக்கட்டணத்தில் அடங்கலாம். படுக்கையில் வீழ்ந்தபின் தேவைப்படும் உதவியாளர், செவிலியர், மருந்து ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் தனி.

ஆகவே, நிலத்தையோ வீட்டையோ விற்குமுன் ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள். கட்டண உயர்வுக்கு வரம்பு உண்டா? நினைவு தவறினாலும் நடமாட்டம் குன்றினாலும் அங்கேயே வைத்துப் பராமரிப்பார்களா? விலகினாலோ இறந்தாலோ முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்?

வருவாய் போதாதெனில், வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் செலவையும் உடன் ஒப்பிடுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் இல்லம் தேடி வருகின்றன. முதியோர் உதவி எண் 14567.

இந்தக் கணக்கைப் பெற்றோரை அருகில் அமர்த்திக்கொண்டே போடுங்கள். அங்கே வாழப்போகிறவர்கள் அவர்களே.